நவராத்திரிக்குக் கொலுவா, கும்பமா, கோயிலா: சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆவணி பிறந்ததும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. இந்த ஆண்டு நவராத்திரிக்குக் கொலு வைப்பதா, கும்பம் மட்டும் வைத்துப் பூசை செய்வதா, அல்லது கோயிலுக்குப் போய்வந்தால் போதுமா என்பதே அந்தப் பேச்சு. ஊரில் இருந்தவரை இந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. அம்மாவோ மாமியாரோ செய்துவந்ததை அப்படியே தொடர்ந்திருப்போம், ஆயுதபூசைக்கும் விஜயதசமிக்கும் அரசு விடுமுறையும் கிடைத்திருக்கும். இங்கே தீபாவளி ஒன்றுதான் நமக்குப் பொது விடுமுறை. அதோடு, தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் எழுத்துத் தாள்கள் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் நடைபெறுவதால், தொடக்கநிலை 6 படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் நவராத்திரியும் தேர்வும் பல ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன.

இந்த முடிவை எடுக்கும்போது பெரும்பாலோர் முதலில் இடத்தையும் செலவையும் கணக்கிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மாலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள், உங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குபட்டுவிடும்.

ஏழு மணி என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் விளக்கேற்றும் மாலை ஆறு மணிக்கு இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒருவகையில் வசதியே. ஆனால் ஊர்ப் பஞ்சாங்கத்தையோ ஊர் நாள்காட்டியையோ பார்த்து நேரம் குறிப்பவர்கள் இரண்டு வகையில் பிசகிவிடுகிறார்கள். முதலாவது, திதி தொடங்கி முடியும் நேரங்களோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிக் கூட்டும்போது, இந்தியாவில் சூரியோதயத்தின்போது இருக்கும் திதி இங்கே சூரியோதயத்தின்போது இன்னும் தொடங்காமல் இருக்கக்கூடும், அதனால் நாளே மாறுவதும் உண்டு. இரண்டாவது, துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கேற்றும் செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தை மூன்று மணி முதல் நாலரை மணி வரை என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள், அந்தக் கணக்கு காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாகக் கொண்டு போடப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். புரட்டாசியில் இங்கே சூரியன் உதிக்க ஏழு மணி நெருங்கிவிடுவதால், ராகுகாலமும் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகத் தள்ளிப்போகிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், நாளுக்கும் நேரத்துக்கும் உள்ளூர்க் கோயில் வெளியிடும் அட்டவணையைப் பின்பற்றுவதே நல்லது.

முதலில் கொலுவைப் பார்ப்போம், ஏனென்றால் ஆசையும் தயக்கமும் அதிகம் எழுவது அதில்தான். மகாளய அமாவாசையன்றோ மறுநாள் பிரதமையன்றோ மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படிகட்டி, வெள்ளைத் துணி விரித்து, கலசம் வைத்து, மரப்பாச்சிச் சோடியை உடுத்தி நிறுத்தி, புல் பூண்டு முதல் தெய்வம் வரை கீழிருந்து மேலாகப் பொம்மைகளை அடுக்குவது வழக்கம். மூன்று படி என்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டில் தொலைக்காட்சி மேசையைச் சற்று நகர்த்தினால் போதும். ஏழு படி என்றால் சோபா படுக்கையறைக்குப் போக வேண்டியிருக்கும், அதன்பின் பத்து நாளைக்கு அந்த அறையில் யாரும் நிம்மதியாக நடமாட முடியாது. கழற்றி மாட்டும் உலோகப் படிகள் இப்போது கிடைக்கின்றன. ஆயினும் படி கிடைத்தவுடன் அதை நிரப்ப வேண்டும் என்ற வேகம் வந்துவிடுவதால், முதல் ஆண்டில் மூன்று படிக்குமேல் ஆசைப்பட வேண்டாம் என்றே சொல்வேன்.

பொம்மைகளைப் பொறுத்தவரை, லிட்டில் இந்தியாக் கடைகளில் நவராத்திரியை ஒட்டி அவை வந்து இறங்கும். ஊருக்குப் போய்வருபவர்கள் காஞ்சிபுரத்துப் பொம்மையையோ மதுரை விளாச்சேரிப் பொம்மையையோ பழைய புடவையில் சுற்றிக் கைப்பையில் வைத்து, மடியிலேயே வைத்திருந்து கொண்டுவருவதும் உண்டு. களிமண் பொம்மை கனமானது, கீழே விழுந்தால் உடைந்துவிடும். காகிதக்கூழ் பொம்மை இலேசானது, ஆனால் இந்த ஊரின் ஈரப்பதம் அதற்குப் பகை. கட்டிலுக்கு அடியிலோ சாமான் அறையிலோ பதினொன்றரை மாதம் மூடிக்கிடந்த பெட்டியைத் திறக்கும்போது அம்மனின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டு மனம் நொந்தவர்கள் பலர். ஒவ்வொரு பொம்மையையும் உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் போட்டு, இறுக மூடும் பெட்டியில் வைத்து, ஆண்டின் நடுவில் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கி வைக்கும் மரபும் இருப்பதால், இடப் பிரச்சினை ஆண்டுதோறும் வளரக்கூடியது என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்தது விளக்கு. சன்னலைத் திறந்தால் காற்று அடிக்கும், மின்விசிறியைச் சுழலவிட்டால் சுடர் அணையும். எனவே இரண்டையும் நிறுத்திவிட்டு, வந்தவர்கள் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி இங்கே எல்லாக் கொலு வீடுகளுக்கும் பொது. படியில் விரித்த துணிக்கும் சுடருக்கும் இடையே ஒரு முழமாவது இருக்குமாறு குத்துவிளக்கைத் தரையில் தனியாக வைத்து, படியை மின்விளக்குச் சரத்தால் அலங்கரிப்பதே பாதுகாப்பானது. 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், புதுவீட்டுக்காரர்கள் சாம்பிராணிப் புகையைக் கூடத்தில் அள்ளி வீசாமல் அளவாகக் காட்டுவது நல்லது. பூசையின் நடுவே அது அலறத் தொடங்கினால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. கொலுவின் உண்மையான சுமை வேறிடத்தில் இருக்கிறது. கொலு என்பது அழைப்பு. மாலையில் பெண்களும் பிள்ளைகளும் வர வேண்டும், அவர்கள் ஒரு பாட்டாவது பாட வேண்டும், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், சுண்டல் கொடுத்தனுப்ப வேண்டும். ஆள் வராத கொலு எத்தனை அழகாக இருந்தாலும் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது. ஒன்பது நாளும் வீடு திறந்திருக்க வேண்டும் என்றால், யாரோ ஒருவர் முந்தின இரவே கொண்டைக்கடலையை ஊறவைத்து, மறுநாள் மாலை வேலையிலிருந்து ஓடிவந்து குக்கரில் ஏற்றித் தாளித்து, முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவே இருக்கிறார். அம்மனை வழிபடும் ஒன்பது நாளில் வீட்டுப் பெண் ஒருத்தி அலுத்துச் சலித்துப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எனவே கணவரும் பிள்ளைகளும் ஆளுக்கொரு வேலையை ஏற்றுக்கொள்கிறார்களா என்பதைப் படிகட்டும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ஒன்பது நாளும் அழைக்காமல், வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளை மட்டும் சொல்லி அழைப்பது இங்கே இப்போது பரவலாகிவரும் நல்ல ஏற்பாடு. மற்ற நாள்களில் விளக்கும் சிறு நிவேதனமும் போதும்.

கொலுவுக்கு இந்த ஊரில் கிடைக்கும் தனிச் சிறப்பு, அதே தளத்தில் வசிக்கும் சீன, மலாய்க் குடும்பங்களும் வந்து பார்க்கலாம் என்பது. பிள்ளைகள் பொம்மைகளைக் காட்டி, மகிசாசுரன் கதையைத் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லும்போது, நாம் சொல்லிக்கொடுத்ததைவிட அதிகமாகவே அவர்களுக்குத் தெரிந்திருப்பது புலப்படும். மலாய் அண்டைவீட்டார் சாமிக்குப் படைத்ததை உண்ணாமல் தவிர்க்கக்கூடும். அவர்களுக்கென்று படைக்காத சுண்டலையோ பழத்தையோ முன்கூட்டியே தனியாக எடுத்து வைத்து, அதைச் சொல்லியே கொடுப்பது மரியாதை.

குடும்ப வழக்கம் இல்லாதவர்கள் கொலு வைக்கலாமா என்ற தயக்கம் இங்கே அடிக்கடி கேட்கிறது. எங்கள் வீட்டில் இது கிடையாது, ஆரம்பித்துவிட்டு ஓராண்டு நிறுத்தினால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வழக்கம் என்பது என்றோ ஒருவர் தொடங்கியதுதான் என்பதால், முதல் அச்சத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவதில் நடைமுறை ஞானம் இருக்கிறது: தொடர முடியாத அளவில் தொடங்கக் கூடாது. ஒரே படியில் கலசமும் முப்பெருந்தேவியர் பொம்மைகளும் மரப்பாச்சியும் வைத்தாலும் அது கொலுவே.

இரண்டாவது வழி கும்பம் வைத்து வழிபடுவது. செம்பிலோ பித்தளையிலோ ஆன குடத்தில் நீர் நிரப்பி, மாவிலை செருகி, மஞ்சள் பூசிய தேங்காயை மேலே வைத்து, அம்மனை அதில் எழுந்தருளச் செய்து, நாள்தோறும் பூவும் நிவேதனமும் இட்டு, நிறைவுநாளில் வடக்கு நோக்கி நகர்த்தி எடுப்பார்கள். இடம் ஒரு மனையளவுதான். மாவிலையும் பூச்சரமும் தேக்காச் சந்தையிலும் பஃபலோ ரோட்டுக் கடைகளிலும் கிடைக்கும். விருந்தினர் கட்டாயம் இல்லை, ஆனால் விடுப்பு எடுக்க முடியாத கட்டாயம் உண்டு: வைத்த கும்பத்துக்கு ஒரு வேளைப் பூசைகூடத் தவறக் கூடாது. ஒருவர் இரவு வேலைக்கும் மற்றவர் பகல் வேலைக்கும் போகும் வீட்டில்கூட இது நடக்கும், முறைவைத்துக்கொண்டால். மாதவிலக்கு நாள்களில் பூசைப் பொருள்களைத் தொடாத வழக்கம் உள்ள வீடுகளில், அந்த நாள்களில் பூசையைச் செய்ய வேறொருவர் பழகியிருக்க வேண்டும். ஆண்கள் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை, பழக்கம்தான் இல்லை.

கும்பத்தோடு அகண்ட தீபமும் ஏற்ற விரும்புவோரைச் சற்று எச்சரிக்கத் தோன்றுகிறது. ஒன்பது நாளும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஆளில்லாத அடுக்குமாடி வீட்டில் விட்டுச் செல்வது பக்தியாகாது. பகலில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தாலன்றி அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையும் மாலையும் ஏற்றி, உடன் இருந்து, பின் மலையேற்றிவிடுவது போதுமானது.

மூன்றாவது வழி கோயில். இதில் சிங்கப்பூர் கொடுத்துவைத்த ஊர். சௌத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் நாராயண பிள்ளை அமைத்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இந்நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில். சிராங்கூன் ரோட்டில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலும் ஸ்ரீ வடபத்திர காளியம்மன் கோயிலும், தோ பாயோவில் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயிலும், டெப்போ ரோட்டில் ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயிலும் அம்மனுக்கே உரியவை. டேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயிலில் நவராத்திரி மாலைகளில் இசையும் நடனமும் நடைபெறுவது நகரத்தார் போற்றிவரும் மரபு. கோயிலில் கிடைப்பது வீட்டில் கிடைக்காதது: முறையான அபிஷேகம், நாளுக்கொரு அலங்காரம், நாகசுரமும் தவிலும், கூட்டத்தோடு சேர்ந்து பாடும்போது தானாக எழும் குரல். சமையலும் சாமானும் இல்லை. அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றால் போதும்.

ஆனால் கோயிலுக்குப் போவதைச் சுலபமான வழி என்று நினைத்து முடிவெடுப்பவர்கள் மூன்றாம் நாளில் களைத்துவிடுகிறார்கள். உட்லண்ட்ஸிலோ பொங்கோலிலோ வசிப்பவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு நகர மையத்துக்கு எம்ஆர்டியில் போய்த் திரும்பினால் இரவு பத்தைத் தாண்டிவிடும், மறுநாள் பிள்ளைக்குத் தேர்வு. ஒன்பது நாளும் போவது என்று உறுதி எடுப்பதாக இருந்தால், புகழ்பெற்ற கோயிலை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோயிலைத் தேர்ந்தெடுங்கள். சிவன் கோயிலோ முருகன் கோயிலோ, பெரும்பாலானவற்றில் அம்மன் சன்னிதி உண்டு, நவராத்திரிப் பூசையும் உண்டு. நகர மையத்துக்கு ஒரு சனிக்கிழமை போனால் போதும். சிராங்கூன் ரோட்டுக்குக் காரில் போவதைத் தவிருங்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி நடப்பது விரைவு.

கோயில் வழிபாட்டில் ஈடுபாடு உள்ள குடும்பங்கள் யோசிக்க வேண்டிய இன்னொன்று உபயம். ஒரு நாள் பூசையை முழுவதுமாகவோ பிற குடும்பங்களோடு சேர்ந்தோ ஏற்றுக்கொண்டால், அந்த நாள் நம்முடையது என்ற உணர்வு குடும்பத்துக்கே வந்துவிடுகிறது. கொலுவுக்குச் செய்யும் செலவை அன்னதானத்துக்குக் கொடுப்பதை மேலானதாகக் கருதுவோரும் இருக்கிறார்கள், அது மறுக்கக்கூடிய கருத்து அன்று. பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு குறை உண்டு: கோயிலில் அவர்கள் பார்வையாளர்கள். கொலுவில் பொம்மை அடுக்கவும் கும்பத்துக்குப் பூப் போடவும் கிடைக்கும் வாய்ப்பு அங்கே இல்லை. தொண்டூழியத்துக்குப் பெயர் கொடுக்கும் வயது வந்த பிள்ளைகள் இதற்கு விலக்கு.

இவை எதற்கும் இயலாத ஆண்டுகள் வரும். வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், நோயாளி இருக்கலாம், இறப்பு நேர்ந்து ஓராண்டு முடியாமல் இருக்கலாம். அப்போது பாராயணம் ஒன்றே போதுமானது. அபிராமி அந்தாதியின் நூறு பாடல்களை நாளுக்குப் பதினொன்றாக எட்டு நாளும், ஒன்பதாம் நாள் பன்னிரண்டுமாகப் படித்தால் நவராத்திரியோடு நூலும் நிறைவுபெறும். எம்ஆர்டியில் அமர்ந்தும் படிக்கலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒன்பது நாளும் முடியாதவர்களுக்குச் சாத்திரமே வழி விட்டிருக்கிறது. சப்தமி, அட்டமி, நவமி ஆகிய கடைசி மூன்று நாள் வழிபட்டாலும் பலன் உண்டு என்று தேவி பாகவதம் கூறுகிறது. நான் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குச் சொல்வது இதையே: முதல் ஆறு நாளும் மாலையில் விளக்கும் ஒரு பாட்டும், அதற்கிடையில் வரும் வெள்ளியோ சனியோ கோயில், ஏழாம் நாள் கும்பம் வைத்து மூன்று நாள் முழுப் பூசை. முதல் மூன்று நாளும் தடபுடலாகத் தொடங்கி, ஆறாம் நாளில் வாங்கின பழத்தையே மறுபடி வைத்து ஒப்பேற்றுவதைவிட இது நிறைவானது, ஏனென்றால் இதில் வேகம் ஏறிக்கொண்டே போகிறது. ஓய்வுபெற்ற பெற்றோர் உடன் இருக்கும் வீடுகளும், அக்கம்பக்கத்தில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் புளோக்குகளும் தயங்காமல் கொலு வைக்கலாம். அங்கே பகலில் விளக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, மாலையில் வர ஆள் உண்டு. வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கும் தங்கும்விடுதிகளில் இருக்கும் ஊழியர்களுக்கும் கோயிலே வீடு.

தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் சரசுவதி பூசையைப் பற்றி மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புத்தகங்களைப் பூசையில் அடுக்கி வைத்துவிட்டு விஜயதசமி வரை தொடக் கூடாது என்பது வழக்கம். மறுநாள் அறிவியல் தாள் இருக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. எழுதி முடித்த பாடத்தின் புத்தகங்களையும், ஒரு தமிழ்ப் புத்தகத்தையும், பேனாவையும் வைத்தால் போதும். மடிக்கணினியை வைப்பவர்கள் சந்தனப் பொட்டை மூடியின்மேல் ஒட்டும் தாளில் இடுவார்கள். விஜயதசமியன்று காலை பள்ளிப் பேருந்து வருவதற்குள் மறுபூசை செய்து, அடுக்கிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தால், தட்டில் அரிசி பரப்பி எழுத்தறிவிப்பதற்கும் அதே காலைதான். கோயிலில் செய்ய விரும்பினால் முன்பதிவு தேவையா என்று முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள்.